கிளையில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூ, தளிர், பறவை என்றே இருந்தன. வெயில் ஏற ஆரம்பித்ததும் வாசகர்களின் கவனம் மரத்தடிக்குப் போய்விடுகிறது போல. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: 'இயற்கையை ரசியுங்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் பூங்காவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக போனைத் தேடுகிறது. மரம் மரமாகத்தான் இருக்கிறது. ரசனை என்பதே எனக்கு இல்லையோ?

ப: ரசனையெல்லாம் இருக்கிறது. எதைப் பார்ப்பது என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை. 'மரம்' என்று மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் சலிக்கும், எனக்கும்தான். ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷுஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் 1990-களின் கடைசியில் இதைப் பற்றியே எழுதினார்கள். மனிதக் கண் விலங்கை உடனே பிடித்துக்கொள்கிறது, செடிகொடியை மட்டும் பின்னால் தொங்கும் திரை என்று ஒதுக்கிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. நியாயம்தானே? செடி நடமாடாது, முகம் கிடையாது, கடிக்க வராது, பார்க்கிற இடமெல்லாம் ஒரே பச்சை. அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க மூளைக்கு என்ன அவசரம்?

அதனால் மரத்தை விட்டுவிட்டு ஒரு கிளையைப் பிடியுங்கள். தினமும் நடக்கிற வழியில், கண் உயரத்தில் நுனி தெரிகிற மாதிரி ஒன்று போதும். மாங்கிளை என்றால் ரொம்ப வசதி. முதலில் நுனி மொட்டு பருத்து நிற்கும். அப்புறம் ஒரு கொத்து இலை ஒன்றாக வெளியே வரும். அந்த இலைகள் செம்பு நிறத்தில், தொட்டால் துணி மாதிரி தொய்ந்து, நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். வெயிலுக்கு வாடிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். சில நாள் கழித்துப் பாருங்கள், நிறம் வெளுத்து இளம்பச்சை கலக்க ஆரம்பித்திருக்கும். இன்னும் சில வாரத்தில் இலை விறைத்து, மட்டமாக நிமிர்ந்து, மற்ற இலைகளோடு கலந்துவிடும். ஒரே கொத்தில் அடியில் இருக்கிற இலையும் நுனியில் இருக்கிற இலையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் அந்த நடு நாட்கள்தான் பார்க்க அருமையானவை.

அந்தச் சிவப்பு சும்மா வந்ததில்லை. ஆந்தோசயனின் என்ற நிறமி அது. இளம் இலையில் பச்சையம் இன்னும் சரியாகத் தயாராகவில்லை, வெயிலோ சுள்ளென்று அடிக்கிறது. அந்த நேரத்தில் இலைக்குள் இருக்கிற நுணுக்கமான பொருட்களை அதிக ஒளி கெடுத்துவிடாமல் சிவப்பு தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். பூச்சிகளுக்குப் பச்சைதான் சாப்பாட்டின் அடையாளம், சிவப்பாக இருந்தால் கண்டுகொள்ளாமல் போகும் என்பது இன்னொரு விளக்கம். இன்னும் சத்து ஏறாத இலையைத் தின்னக் கொடுத்தாலும் மரத்துக்குப் பெரிய நஷ்டமில்லை, அதனால்தான் பச்சையத்தில் முதலீடு செய்வதைத் தள்ளிப்போடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எது சரி என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு தளிரைப் பார்த்தால் போன் தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும்.

கே: வசந்தம் என்பதே குளிர்ப் பிரதேசத்துச் சமாச்சாரம்தானே? வெயில் கொளுத்துகிற இடங்களில் ஏது வசந்தம்? சும்மா கவிஞர்கள் விட்ட கதை என்கிறேன் நான்.

ப: கவிஞர்கள் கதை விடுவார்கள்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பனி விழும் காடுகளில் வசந்தம் எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரிய மரங்கள் இலைவிட்டு மேலே மூடுவதற்கு முன்னால் சில வாரங்கள்தான் வெயில் தரைக்கு வரும். அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு தரையில் இருக்கிற சிறு செடிகள் அவசர அவசரமாகப் பூத்து, காய்த்து, ஒதுங்கிவிடும். அங்கே அவசரம் வெளிச்சத்துக்காக.

வெப்ப நாடுகளில் கணக்கு வேறு. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, மண் வெடித்துக் கிடக்கிறது, ஆனாலும் அரசும் வேம்பும் புங்கையும் தளதளவென்று தளிர்க்கின்றன. யோசித்தால் ஆச்சரியம்தான். பழைய இலைகளைக் கொட்டியதும் ஆவியாகப் போகிற நீர் குறைகிறது, ஆழ வேர் கொண்டுவரும் நீரும் அடிமரத்தில் இருக்கிற நீரும் மொட்டுகளுக்குப் போகின்றன. பகல் நீள ஆரம்பிப்பதும் மரத்துக்குச் சைகை காட்டுகிறது. மழை வந்து புழு பூச்சிகள் பெருகுவதற்கு முன்னால் இலையை முற்றவிட்டுவிடலாம் என்ற லாபமும் இருக்கிறது. சித்திரை, வைகாசியை இளவேனில் என்று பிரித்து வைத்தவர்கள் தளிரைப் பார்த்துத்தான் பிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். வெப்பமானியைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கே: பூவை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? 'அழகாக இருக்கிறது' என்று சொன்ன பிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ப: நல்ல கேள்வி. 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் பார்வை அங்கேயே முடிந்துவிடும். 'இது என்ன வேலை பார்க்கிறது' என்று கேளுங்கள், அப்போதுதான் பார்க்கவே ஆரம்பிப்பீர்கள்.

சரக்கொன்றையை எடுத்துக்கொள்வோம். மரமே மஞ்சளாகத் தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம், படமும் எடுத்திருப்போம். கைக்கு எட்டுகிற சரம் ஒன்றில் விரிந்த பூ ஒன்றை மட்டும் பாருங்கள். ஐந்து இதழ், அதில் மெல்லிய நரம்புகள். நடுவே பத்து மகரந்தத் தாள்கள், பத்தும் ஒரே மாதிரி இருக்காது. மூன்று மட்டும் நீளமாக வெளியே வந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். மற்றவை குட்டை. இந்தப் பூவில் தேன் கிடையாது. பிறகு எதற்குக் கருவண்டு இவ்வளவு முனைப்பாக வருகிறது? மகரந்தத்துக்காக. வண்டு குட்டைத் தாள்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். காதைக் கொடுத்தால் பறக்கும்போது வருகிற ரீங்காரத்தைவிடக் கொஞ்சம் உச்சமாக ஒரு 'ஸ்ஸ்ர்' கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். குட்டைத் தாள்களில் இருந்து கொட்டுவது வண்டுக்குக் கூலி. அதே நேரத்தில் வளைந்த நீளத் தாள்கள், வண்டின் கால் சுலபமாக எட்டித் துடைக்க முடியாத இடத்தில் தங்கள் பங்கைப் பூசிவிடும், அதுதான் அடுத்த பூவுக்குப் போகிற சரக்கு. சூலகத்தின் தண்டும் அதே மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்தீர்கள் என்றால், பூசிய இடமும் எடுத்துக்கொள்கிற இடமும் ஒன்றுதான் என்பது புரிந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் அழகு குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் புரிந்ததே இல்லை. அதே கிளையில் போன வருஷத்துக் காய்கள் கறுத்து, முழ நீளத்துக்குத் தொங்குவதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கே: விடியற்காலையில் நாலரை மணிக்கே குயில் ஆரம்பித்துவிடுகிறது. தூக்கம் போச்சு. இதில் என்ன அழகு வாழ்கிறது?

ப: உங்கள் கோபம் நியாயமானதுதான். இருந்தாலும் கத்துகிறவர் பக்கத்தையும் கேளுங்கள். இருட்டில் இரை தேட முடியாது, காற்றும் அடங்கியிருக்கும், குரல் தூரம் போகும். அதனால் பல பறவைகளுக்கு அது பாடுவதற்கான நேரம். இரவைத் தாண்டிவிட்டேன், தெம்பாக இருக்கிறேன், இந்த இடம் என்னுடையது என்று அறிவிக்கிறார்கள். குயிலில் அப்படிக் கூவுகிறவர் ஆண், உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகும், உச்சத்துக்குப் போனதும் சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்குவார். அம்மணி பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும், குரல் 'கிக் கிக் கிக்' என்று கரடுமுரடாக இருக்கும். காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற தொழில் அவருடையது. ஆண் குயில் கூடு அருகே கூவுவதும், காக்கை துரத்துவதும், அந்தக் களேபரத்தில் பச்சை இலைக்கு நடுவே பழுப்பாக ஏதோ ஒன்று நழுவுவதும் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கிற காட்சி. எப்படியும் எழுப்பிவிட்டார்கள், ஜன்னலுக்கு வந்து நில்லுங்கள்.

கே: தோட்டத்தில் பூச்செடி வைத்திருக்கிறேன். ஆனால் களைதான் அதிகம் வருகிறது. பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்தது. தோட்டம் அழகாக இருக்க என்ன வழி?

ப: ஒரு மூலையைப் பிடுங்காமல் விட்டுப் பாருங்கள். ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் போதும்.

வெட்டுக்காயப் பூண்டு உங்கள் தோட்டத்திலும் கட்டாயம் இருக்கும். நீளமான ஒற்றைத் தண்டு, உச்சியில் சின்னதாக ஒரு பூ, சிறுசுகள் நுனியைச் சுண்டி விளையாடுமே, அதேதான். வெப்ப மண்டல அமெரிக்காவில் இருந்து வந்து உலகத்தின் வெப்பப் பகுதிகளில் எல்லாம் இடம் பிடித்துக்கொண்ட செடி. அதன் ஒரு பூவைப் பறித்துப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால் அது ஒரு பூவே இல்லை. ஓரத்தில் ஐந்தாறு வெளிறிய இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் வெட்டினாற்போல் இருக்கும், அந்த ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நடுவே மஞ்சளாகத் தெரிவது ஒரு கூட்டம், குட்டிக் குட்டிக் குழல் பூக்கள், வெளி வட்டத்தில் இருந்து உள்ளே போகப் போக முறை வைத்து விரிகின்றன. சூரியகாந்தியும் சாமந்தியும் செய்கிற அதே ஏற்பாடு, இங்கே சட்டைப் பொத்தான் அளவில். வண்ணத்துப்பூச்சிக்கு இதன் மதிப்பு தெரியும். நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்த அடுக்கு இதழ்ப் பூவைத் தாண்டிப் போய் இதில் உட்காரும், ஏனென்றால் பல அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிப்போய் இருக்கும், பூச்சிக்கு அங்கே கிடைப்பது குறைவு.

விஷ்ணுகிராந்தி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தரையோடு படர்ந்து, நீலத்தில் விரல் நகத்தைவிடச் சின்னதாகப் பூக்கும். காலையில் பார்த்தால் உண்டு, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், தாமதமாக எழுந்து வருகிறவர்கள் வெறும் புல் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

இவற்றைப் பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், பத்து மடங்கு காட்டுவது போதும். பலரும் அதைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எட்ட இருந்து பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கண்ணாடி கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், பூதான் அதை நோக்கி வர வேண்டும், ஒரு அங்குல தூரத்தில் சட்டென்று தெளியும். வீட்டில் பைனாகுலர் இருந்தால் தலைகீழாகத் திருப்பி, பெரிய பக்கத்தில் கண்ணை வைத்து, சின்னப் பக்கத்தைப் பூவுக்கு மிக அருகே கொண்டுபோங்கள். அதுவும் உருப்பெருக்கிதான்.

கே: காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தோம். நாலு பேர், மூன்று மணி நேரம். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. எல்லாரும் எங்கே போய்விடுகின்றன?

ப: எங்கேயும் போகவில்லை, நீங்கள் பேசிக்கொண்டே வந்ததைக் கேட்டு நின்றுவிட்டன. நடப்பதைக் குறையுங்கள், உட்கார்வதைக் கூட்டுங்கள். ஒரு இடத்தில் அசையாமல் கால் மணி நேரம் இருந்தால் நின்றுபோன சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும், முதலில் பூச்சிகள், அப்புறம் சிறு பறவைகள், கடைசியில் அணில் மாதிரிச் சந்தேகப் பிராணிகள். நடுக்காட்டைவிடக் காடும் வெட்டவெளியும் சேர்கிற ஓரத்தில் உட்கார்ந்தால் அதிகம் பார்க்கலாம். ஓடையோரம் ஈர மணல் இருந்தால் அதையும் விடாதீர்கள், வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறக்கையை மடித்து உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள். பூந்தேனில் உப்புச்சத்து குறைவு, அதற்காக மண்ணுக்கு வருகிறார்கள், இனச்சேர்க்கையின்போது அதில் ஒரு பங்கு பெண்ணுக்குப் போகிறது. மான் வராவிட்டால் என்ன?

கே: பூக்களைப் படம் எடுப்பது தப்பா? என் மகள் திட்டுகிறாள்.

ப: தப்பில்லை, மகளும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் அருங்காட்சியகத்தில் ஒரு சோதனை நடத்தி 2014-ல் வெளியிட்டார். பொருட்களைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு, வெறும் கண்ணால் பார்த்தவர்களைவிட அவற்றைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. ஆனால் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே மொத்த மரத்தையும் சட்டென்று சுட்டுவிட்டு நகராமல், மொட்டையோ நரம்பையோ தேடி எடுங்கள். வெயிலைப் பூவுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் தளிரின் நரம்பெல்லாம் ஒளிரும், இதை மகளுக்கும் சொல்லுங்கள்.

கே: பூவைப் பார்த்தாலே தும்மல் வருகிறது. நான் என்ன செய்வது?

ப: பெரும்பாலும் பூ நிரபராதி. கண்ணுக்கு அழகாகப் பூத்துப் பூச்சியை அழைக்கிற செடிகளின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. காற்றை நம்பி மகரந்தம் விடுகிற புற்களும் சில மரங்களும்தான் வழக்கமான குற்றவாளிகள், அவற்றின் பூவை நீங்கள் பூ என்றே கவனித்திருக்க மாட்டீர்கள். தொல்லை அதிகம் என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கே: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. பூ, பறவை என்று நீங்கள் எழுதும்போது எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கடிதத்தை என் பேத்தி எழுதுகிறாள்.

ப: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்றவர்கள் கண்ணை நம்பியே வெளியே போகிறார்கள், அதனால் மற்றப் புலன்களைச் சரியாகப் பயன்படுத்துவதே இல்லை.

காற்றைக் கேட்டுப் பழகலாம். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகப் பேசும். அரச இலைக்குக் காம்பு நீளம், மற்ற மரங்கள் சும்மா நிற்கிற காற்றிலேயே அது சலசலவென்று அடித்துக்கொள்ளும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். சவுக்கில் இலை என்று தட்டையாக ஒன்றும் இல்லை, ஊசி ஊசியாக இருப்பதால் சத்தம் வெட்டி வெட்டி வராது, நீளமாக ஒரு 'ஹோ'. பனையோலை படபடக்கும். மூங்கில் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிடும். ஒரு மாதம் கேட்டால் எந்தத் திசையில் எந்த மரம் என்று பேத்திக்கு நீங்கள் சொல்வீர்கள். அதே மரம் பழைய காய்ந்த இலையோடு இருந்தபோது எழுப்பிய சத்தமும், தளிர் விட்ட பிறகு எழுப்புகிற சத்தமும் வேறு, புது இலை மிருது, அடங்கித்தான் ஒலிக்கும். வசந்தம் வந்ததை மற்றவர்களுக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

வாசனைக்கு நேரம் பார்க்க வேண்டும். வேம்பு பூத்திருப்பதைப் பகலில் பக்கத்தில் நின்றும் பலர் அறிவதில்லை, பொழுது சாய்ந்தால் அதன் இனிப்பு வாசம் காற்றில் வந்துவிடும். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூக்கள் பல மாலையில் விரிந்து மணப்பது அந்திப்பூச்சிகளை அழைக்கத்தான், இருட்டில் நிறம் எடுபடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. மகிழம்பூ விடியலில் உதிர்ந்து கிடக்கும். பேத்தியை நாலு பூ பொறுக்கித் தரச் சொல்லுங்கள், விளிம்பு பல்பல்லாக, நட்சத்திரம் போலக் கைக்குத் தட்டுப்படும், காய்ந்த பிறகும் வாசம் போகாது. தொடுவதற்குத் தேக்கிலையைக் கேளுங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்புறம் ஏதாவது ஒரு பெரிய மரத்தின் அடிமரத்தைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டே வாருங்கள். வெயில் பட்ட பக்கத்துச் சூடும் நிழல் பக்கத்துக் குளிர்ச்சியும் எங்கே மாறுகிறது என்று விரல் கண்டுபிடிக்கும், அதைக் கொண்டு மணி சொல்லக்கூடப் பழகிவிடலாம்.

அடுத்த கடிதத்தில் உங்கள் மரங்களின் சத்தத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் வேண்டும்.

கே: முதல் கோடை மழையில் மண் மணப்பது ஏன்?

ப: மண்ணில் வாழ்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் ஜியாஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த காலத்தில் செடிகள் விட்ட எண்ணெய்ப் பசையும் கல்லிலும் மண்ணிலும் ஊறி இருக்கும். மழைத்துளி விழும்போது அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு மேலே வந்து வெடிக்கிறது, நுண்துளிகளாக வாசனை கிளம்புகிறது. 2015-ல் அதிவேகக் காமிராவில் அதைப் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு ஜியாஸ்மினைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த வாசனை நமக்காக வைத்ததில்லை. மண்ணில் தத்துகிற குட்டிப் பூச்சிகளை அது இழுக்கிறது, அவை வந்து தின்றுவிட்டு அந்த நுண்ணுயிரின் விதைத்தூளைச் சுமந்துகொண்டு போகின்றன.

கே: மாடி வீடு. தோட்டம் இல்லை, காடு இல்லை. ஒரே ஒரு ஜன்னல், எதிரே ஒரு மரத்தின் பாதி தெரிகிறது. இதை வைத்து என்ன செய்ய?

ப: பாதி மரமா? போதுமே! ரோஜர் உல்ரிக் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றித்தான். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்கள் 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மரம் மருந்து என்று சொல்லிவிடக் கூடாது, ஆனாலும் சுவருக்கும் மரத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரிகிறது.

உங்கள் பாதி மரத்தில் தேன்சிட்டு வருகிறதா பாருங்கள். ஊதாத் தேன்சிட்டு ஆண் மற்ற மாதங்களில் மங்கலாக, தொண்டையில் ஒரு கறுப்புக் கோட்டோடு திரியும், இனப்பெருக்கக் காலத்தில் முழுக்கக் கருநீலமாக மின்னும். அந்த மின்னல் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது, அதனால்தான் தலையைத் திருப்பினால் கறுப்பு, மறுபடி திருப்பினால் ஊதா. கூடு கட்டுவது பெண். சிலந்தி வலையைப் பிய்த்துக்கொண்டு வந்து நாரையும் சருகையும் ஒட்டித் தொங்கவிடும், வாசலுக்கு மேல் சின்னதாகத் தாழ்வாரம்கூட இறக்கும். உங்கள் கொடிக்கம்பியில் கட்டினால் துணி காயப்போட வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பார்ப்பதையெல்லாம் எழுதி வைக்கலாமா? யாருக்கு அது உதவும்?

ப: எழுதுங்கள். 'இன்று வேம்பில் முதல் பூ', தேதி, அவ்வளவுதான். ராபர்ட் மார்ஷம் என்ற ஆங்கிலேயர் 1736-ல் தன் தோட்டத்தில் முதல் பூ, முதல் இலை, முதல் பறவைக் குரல் என்று குறிக்க ஆரம்பித்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து வந்தவர்கள் 1958 வரை விடாமல் எழுதினார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களுக்கான பதிவு ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்து, பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கிறது. யாரோ விருந்துக்குப் போன நாளைக் குறித்துவைத்தார்கள், இன்று அதை வைத்துத்தான் பருவம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். 2021-ல் அங்கே மார்ச் 26-லேயே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன, அதுவரை இருந்த பதிவுகளில் அவ்வளவு முந்தி ஒரு வருஷம்கூட இல்லை. உங்கள் நோட்டுப் புத்தகம் யாருக்கு உதவும் என்று உங்கள் பேரன் பேத்திகள் தீர்மானிக்கட்டும்.

கே: பறவைக் குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடக்கிறது. கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாதாமே? இதை எழுதும்போதும் அது வாசலில்தான் இருக்கிறது.

ப: இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது பறந்திருக்கும், இருந்தாலும் அடுத்த முறைக்குச் சொல்கிறேன். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது விழவில்லை, கூட்டைவிட்டு வெளியேறிப் பறக்கப் பழகுகிறது. தாய் தகப்பன் பக்கத்தில் எங்காவது இரையோடு காத்திருக்கும், நீங்கள் நகர்ந்தால்தான் இறங்கி வரும். பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துப் புதர் மேல் ஏற்றிவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால், கூடு எட்டினால் திரும்ப வைத்துவிடலாம். பாலும் சோறும் ஊட்டாதீர்கள், தண்ணீரையும் வாயில் ஊற்றாதீர்கள்.